திண்டிவனம் முதல் காவலூர் வரை: ஹைட்ரஜன் வரியைத் தொடர்ந்து ஒரு பயணம்

ஹைட்ரஜன் அணுவில் இருப்பது ஒரு புரோட்டானும் ஒரு எலக்ட்ரானும்தான். அமைப்பு இவ்வளவு எளியது என்பதால், அது உமிழும் ஒளியின் அலைநீளத்தைத் தாளில் கணக்கிட்டுவிடலாம். ஆய்வகத்தில் அளந்து சரிபார்க்கவும் செய்யலாம். கணக்கும் அளவும் ஒத்துப்போகாத ஒவ்வொரு முறையும் இயற்பியல் தன் அடிப்படைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறது. அளவையின் துல்லியம் கல்லூரி ஆய்வகத்தில் மூன்று இலக்கத்தோடு நிற்கிறது. பெரிய தொலைநோக்கியின் நிறமாலைமானி ஐந்தாவது இலக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறது. லேசர் ஆய்வகத்தில் அது பதினைந்து இலக்கத்தை எட்டியிருக்கிறது.

இம்மூன்றில் முதல் இரண்டும் ஒரே தடத்தில் அமைந்தவை. திண்டிவனத்தில் தொடங்கி விழுப்புரம், திருவண்ணாமலை, போளூர் வழியாக ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்நோக்ககம் வரை செல்வது அந்தத் தடம். மூன்றாவது, ஜெர்மனியின் மியூனிக் நகரை அடுத்த கார்ஹிங்கில் நிகழ்ந்தது. முதல் இரண்டின் வரம்பு எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் மூன்றாவதன் அருமை விளங்கும்.

திண்டிவனம்

சென்னையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையும், புதுச்சேரியிலிருந்து செஞ்சி வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் சாலையும் சந்திக்கும் ஊர் திண்டிவனம். சென்னை–விழுப்புரம் ரயில் பாதையும் ஊரைத் தொட்டுச் செல்கிறது. ஊரில் அரசு கலைக் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும் உள்ளன.

தமிழ்நாட்டில் இயற்பியல் பட்டப்படிப்பு உள்ள கல்லூரிகளில் நிறமாலைமானியும் கீற்றணியும் ஆய்வகத்தின் நிரந்தரச் சொத்துகள். இளநிலை மாணவர்கள் பாதரச விளக்கின் வரிகளை அளப்பார்கள். ஹைட்ரஜன் வரிகளின் அலைநீளங்களைக் கணக்கிட உதவும் ரிட்பெர்க் மாறிலியைக் காண்பது முதுநிலை வகுப்பின் வழக்கமான செய்முறை. ஹைட்ரஜன் நிரப்பிய மெல்லிய கண்ணாடிக் குழாயில் உயர் மின்னழுத்தம் செலுத்தினால் இளஞ்சிவப்பாக ஒளி எழும். அதைக் கீற்றணி வழியே பார்த்தால் சிவப்பு, நீலப்பச்சை, ஊதா எனத் தனித்தனி வரிகளாகப் பிரியும். சிவப்பு வரியின் அலைநீளம் 656.3 நானோமீட்டர், நீலப்பச்சை வரிக்கு 486.1, ஊதாப் பகுதியின் இரண்டு வரிகளுக்கு 434.0, 410.2.

சுவீடனின் ஆங்ஸ்ட்ராம் அளந்து வெளியிட்ட இந்த நான்கு எண்களிலிருந்துதான் பாசல் நகரப் பள்ளி ஆசிரியர் யோகான் பால்மர் 1885-ல் ஒரு சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். 364.56 என்ற ஒரே எண்ணையும் 3, 4, 5, 6 என்ற முழு எண்களையும் வைத்துக்கொண்டு நான்கு வரிகளும் கிடைத்துவிட்டன. அது ஏன் பொருந்துகிறது என்பதை 1913-ல் நீல்ஸ் போர் விளக்கினார்: எலக்ட்ரான் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களில் மட்டுமே இருக்க முடியும், ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும்போது அந்த வேறுபாடு ஒளியாக வெளியேறுகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் வரும் லைமன், பால்மர், பாஷன் வரிசைகள் எல்லாம் இந்த விளக்கத்துக்குள் அடங்குபவை.

கல்லூரி நிறமாலைமானியின் வெர்னியர் ஒரு நிமிடக் கோணம் வரை காட்டும். சென்டிமீட்டருக்கு 6,000 கோடுகள் கொண்ட கீற்றணியில் அந்த ஒரு நிமிடம் ஏறக்குறைய அரை நானோமீட்டர் பிழைக்குச் சமம். ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இந்தக் கருவியால் இறங்க முடியாது.

கருவியை எவ்வளவு மேம்படுத்தினாலும் அடுத்த தடை அணுவிலேயே இருக்கிறது. திண்டிவனத்தில் நிற்காமல் கடக்கும் விரைவு வண்டியின் ஒலி, நெருங்கும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பதற்குக் காரணமான டாப்ளர் விளைவுதான் அது. 1845-லேயே நெதர்லாந்தின் உட்ரெக்ட் அருகே ரயிலில் எக்காளக் கலைஞர்களை ஏற்றி இந்த விளைவைச் சோதித்தார்கள். ஒளிக்கும் விதி அதேதான். ஹைட்ரஜன் எல்லா அணுக்களிலும் இலேசானது. அறை வெப்பநிலையிலேயே நொடிக்கு இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் பாயும். குழாய்க்குள் எல்லாத் திசைகளிலும் பாயும் அணுக்களின் ஒளி சற்றே கூடியும் குறைந்தும் வருவதால் சிவப்பு வரி 600 கோடி ஹெர்ட்ஸ் அளவுக்கு அகன்று தடிக்கிறது. அந்தத் தடிப்புக்குள் மறைந்திருந்ததை வெளியே கொண்டுவரவே இயற்பியலாளர்கள் ஒரு நூற்றாண்டு பாடுபட்டார்கள்.

பனையபுரம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் ஆகியவை ரயில் நிலையங்கள். விக்கிரவாண்டியை அடுத்த பனையபுரத்தில் இருக்கிறது பனங்காட்டீசுவரர் கோயில். சம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். சித்திரை மாதத்தின் முதல் ஏழு நாட்களில் காலைக் கதிர் இங்கே சுவாமி மீதும் பின்னர் அம்மன் மீதும் விழுவதைப் பார்க்கப் பக்தர்கள் கூடுவார்கள்.

அந்தக் கதிரிலும் ஹைட்ரஜன் உண்டு. 1814-ல் பிரான்ஹோபர் சூரிய நிறமாலையில் கறுப்பு வரிகளைக் கண்டு எழுத்துகளால் பெயரிட்டார். அவர் சி, எஃப் என்று குறித்த இரண்டும் ஹைட்ரஜனின் 656.3, 486.1 நானோமீட்டர் வரிகளே. சூரியனின் வெளியடுக்கிலுள்ள ஹைட்ரஜன், உள்ளிருந்து வரும் ஒளியில் தனக்குரிய நிறத்தை விழுங்கிக்கொள்வதால் அவை கறுப்பாகத் தெரிகின்றன. சூரியனில் ஹைட்ரஜன் இருப்பதை 1862-ல் ஆங்ஸ்ட்ராம் அறிவித்தார். அந்தக் கறுப்பு வரிகளுக்குப் பின்னணியான பளிச்சிடும் ஒளியும் ஹைட்ரஜனின் கைவண்ணம்தான். ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பற்றிக்கொண்ட எதிர்மின் ஹைட்ரஜன் அயனி அதில் வகிக்கும் பங்கை 1940-களில் விரிவாகக் கணக்கிட்டவர் சுப்ரமணியன் சந்திரசேகர்.

1868 ஆகஸ்ட் 18-ல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணம் தென்னிந்தியாவை இந்த வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. பிரான்சின் ஜான்சன் குண்டூரிலிருந்தும், சென்னை வான்நோக்ககத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் சூரிய விளிம்பில் எழும் தழல்களின் நிறமாலையைப் பார்த்தார்கள். ஹைட்ரஜனின் வரிகள் அங்கே பிரகாசமாகத் தெரிந்தன. தழல்கள் வாயுவால் ஆனவை என்பது அதோடு உறுதியாயிற்று. அதே நிறமாலையின் மஞ்சள் வரிதான் பிறகு ஹீலியத்தைக் காட்டிக்கொடுத்தது.

விழுப்புரம் சந்திப்பு

விழுப்புரத்தில் ரயில் பாதை ஐந்து திசையில் பிரிகிறது: சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி. தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு 1993-ல் இது மாவட்டத் தலைநகரானது.

திருச்சிப் பக்கம் போகும் மதுரை வண்டிகளில் சில, கொடைக்கானல் ரோடு நிலையத்தில் நிற்கும். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வான்நோக்ககத்தின் சூரிய ஆய்வு 1899-ல் இடம்பெயர்ந்தது கொடைக்கானலுக்குத்தான். அங்கே 1909 சனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் விளிம்பில் உலோக வரிகள் இலேசாக நகர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வாயு நொடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வெளிப்புறமாகப் பாய்கிறது என்பது அதன் பொருள். எவர்ஷெட் விளைவு என்ற பெயரில் பாடநூல்களில் அது இடம்பெற்றது. ஹைட்ரஜனின் சிவப்பு வரியில் மட்டும் சூரியனைப் படமெடுக்கும் வழக்கம் கொடைக்கானலில் 1912 முதல் தொடர்ந்தது. நூற்றாண்டு நீளமுள்ள இத்தகைய படத்தொகுப்பு உலகில் அரிது. ஆய்வகத்தில் இடைஞ்சலாக நின்ற டாப்ளர் விளைவு, வானியலாளருக்குச் செய்தி சொல்லும் கருவியாயிற்று.

ஆய்வகத்தில் பயணம் வேறு திசையில் போனது. 1887-லேயே மைக்கேல்சனும் மார்லியும் ஹைட்ரஜனின் சிவப்பு வரி உண்மையில் இரட்டை வரி என்பதைக் கண்டிருந்தார்கள். இந்த நுண்வரி அமைப்பை 1928-ல் டிராக்கின் சமன்பாடு விளக்கியது. ஆனால் அந்தச் சமன்பாட்டின்படி ஹைட்ரஜனின் இரண்டாம் மட்டத்தில் இரு நிலைகளுக்கு ஆற்றல் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். 1947-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லிஸ் லாம்பும் ராபர்ட் ரெதர்ஃபோர்டும் நுண்ணலைகளைக் கொண்டு அளந்தபோது, இடையில் ஏறக்குறைய 100 கோடி ஹெர்ட்ஸ் வேறுபாடு தெரிந்தது. ஒளியில் அளந்திருந்தால் டாப்ளர் தடிப்புக்குள் இந்த வேறுபாடு மூழ்கிப்போயிருக்கும்.

அவ்வாண்டு சூன் மாதம் நியூயார்க் அருகே ஷெல்டர் தீவில் கூடிய மாநாட்டில் இந்த முடிவு விவாதிக்கப்பட்டது. மாநாடு முடிந்து நியூயார்க்கிலிருந்து ஷெனெக்டடி செல்லும் ரயிலில் உட்கார்ந்தபடியே ஹான்ஸ் பெத்தே இந்த நகர்வைக் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடை 1,040 மெகாஹெர்ட்ஸ். அளந்த மதிப்புக்கு வெகு அருகில். வெற்றிடம் முழு வெறுமையல்ல, அதன் மின்புல அலைவுகள் எலக்ட்ரானை ஓயாமல் அசைக்கின்றன என்பதே கணக்கின் சாரம். குவாண்டம் மின்னியக்கவியலின் முதல் வெற்றி அது. லாம்ப் 1955-ல் நோபல் பரிசு பெற்றார்.

திருக்கோவிலூர் வழியே

காட்பாடிப் பாதை ஒற்றைத் தடம். மாம்பழப்பட்டைக் கடந்து தென்பெண்ணைக் கரைத் திருக்கோவிலூரைத் தொட்டுத் திருவண்ணாமலையை அடைகிறது. இருபுறமும் கரும்பும் நெல்லும் மணிலாவும் மாறிமாறி வரும். இடையிடையே பாறைக் குன்றுகள்.

டாப்ளர் தடிப்பை வெல்லும் வழி லேசரோடு வந்தது. 1972-ல் ஸ்டான்ஃபோர்டில் தியோடர் ஹேன்ஷ், ஷாகின், ஆர்தர் ஷாலோ மூவரும் நிறம் மாற்றக்கூடிய சாய லேசரின் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஹைட்ரஜனுக்குள் செலுத்தினார்கள். குறிப்பிட்ட நிறத்தில் இரண்டு கற்றைகளோடும் ஒரே சமயத்தில் ஒத்துப்போவது கற்றையின் திசையில் அசையாத அணுக்கள் மட்டுமே. அவற்றின் சைகையை மட்டும் பிரித்தெடுத்ததில் சிவப்பு வரியின் உட்பிரிவுகள் தெளிந்தன. லாம்ப் நகர்வு ஒளியிலேயே நேரடியாகத் தெரிந்தது அப்போதுதான்.

இதைவிடக் கூர்மையான முறை இரு ஒளியன் முறை. ஹைட்ரஜனின் தரை நிலையிலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு எலக்ட்ரானை ஏற்ற 121.6 நானோமீட்டர் புறஊதா ஒளியின் ஆற்றல் வேண்டும். அதற்குப் பதிலாக 243 நானோமீட்டர் ஒளியன்கள் இரண்டை எதிரெதிர்த் திசையிலிருந்து கொடுத்தாலும் ஆற்றல் கணக்கு சரியாகிவிடும். அணு எந்தப் பக்கம் ஓடினாலும், எதிரே வரும் ஒளியனின் அதிர்வெண் எவ்வளவு கூடுகிறதோ, பின்னால் வரும் ஒளியனின் அதிர்வெண் அவ்வளவு குறையும். கூட்டுத்தொகை மாறாது. அசையாத அணுக்களைப் பொறுக்க வேண்டிய தேவையே இதில் இல்லை. ஓடும் அணுக்கள் அனைத்தும் ஒரே அதிர்வெண்ணில் பங்கேற்கின்றன. இந்த வழியை 1970-ல் சோவியத் அறிஞர்கள் முன்வைத்தார்கள். 1975-ல் ஹேன்ஷ் குழு ஹைட்ரஜனில் அதை நிகழ்த்தியது.

இந்த ஏற்றத்தைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேல்நிலையில் எலக்ட்ரான் ஏறக்குறைய எட்டில் ஒரு நொடி தங்கும். அணு உலகின் கணக்கில் அது மிக நீண்ட காலம். நிலை எவ்வளவு நீடிக்கிறதோ அவ்வளவுக்கு வரி மெலியும் என்பது குவாண்டம் விதி. எனவே வரியின் இயற்கை அகலம் 1.3 ஹெர்ட்ஸ் மட்டுமே.

திருவண்ணாமலை

வரி மெலிந்துவிட்டால் மட்டும் போதாது. அதன் அதிர்வெண்ணை எண்ணியாக வேண்டும். நொடிக்கு 2.466 ஆயிரம் லட்சம் கோடி அலைவுகளை எந்த மின்னணுக் கருவியாலும் நேரடியாக எண்ண முடியாது. நொடியின் வரையறையோ சீசியம் அணுவின் 9,192,631,770 அலைவுகளில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பியது அதிர்வெண் சீப்பு. மிகக் குறுகிய துடிப்புகளைச் சீராக வெளியிடும் லேசரின் நிறமாலை, சீப்பின் பற்களைப் போல சம இடைவெளியில் அமைந்த லட்சக்கணக்கான மெல்லிய வரிகளாக இருக்கும். பற்களின் இடைவெளியைச் சீசியம் கடிகாரத்தோடு பிணைத்துவிட்டால் எந்த ஒளியையும் அருகிலுள்ள பல்லோடு ஒப்பிட்டு எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். இதற்காக ஹேன்ஷும் ஜான் ஹாலும் 2005-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

கார்ஹிங்கிலுள்ள மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில் ஹைட்ரஜன் அணுக்கள், திரவ ஹீலியத்தால் குளிரூட்டிய குழல்முனை வழியாக வெற்றிடத்துக்குள் ஒரு கற்றையாக நுழைகின்றன. இரு கண்ணாடிகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓடும் 243 நானோமீட்டர் ஒளியோடு அக்கற்றை ஒரே கோட்டில் செல்கிறது. மேல்நிலைக்கு ஏறிய அணுக்களைக் கடைசியில் ஒரு மின்புலம் கீழே தள்ளும். அப்போது வெளிப்படும் 121.6 நானோமீட்டர் ஒளியை எண்ணுகிறார்கள்.

குளிர்ச்சி எதற்கு? எதிரெதிர்க் கற்றைகள் டாப்ளர் நகர்வின் முதல் பகுதியைத்தான் நீக்கும். சார்பியல் கோட்பாட்டின்படி ஓடும் அணுவின் கடிகாரமே சற்று மெதுவாக ஓடுகிறது. அந்த இரண்டாம் பகுதி எஞ்சும். நொடிக்கு 300 மீட்டர் வேக அணுவுக்கு அது ஏறக்குறைய 1,200 ஹெர்ட்ஸ். ஆகவே லேசரை இடைவிட்டுத் திறந்து மூடி, தாமதித்து வரும் மெதுவான அணுக்களைத் தனியே அளந்து திருத்தம் செய்கிறார்கள்.

2011-ல் வெளியான முடிவு: 2,466,061,413,187,035 ஹெர்ட்ஸ், பிழை 10 ஹெர்ட்ஸ். திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை இதே துல்லியத்தில் அளந்தால் பிழை ஒரு ஹைட்ரஜன் அணுவின் ஆரத்தை ஒட்டித்தான் இருக்கும். 2013-ல் கார்ஹிங்கையும் பிரவுன்ஷ்வைக் நகரின் தேசிய அளவை நிறுவனத்தையும் 920 கிலோமீட்டர் ஒளியிழை இணைத்தது. தொலைவிலுள்ள கடிகாரத்தோடு ஒப்பிட்டு மறுபடி அளந்ததில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் 18 என மாறியது. பிழை 11 ஹெர்ட்ஸ்.

போளூர்

திருவண்ணாமலைக்கு வடக்கே போளூரில் ரயிலிலிருந்து இறங்கிப் பேருந்தில் ஜவ்வாது மலைக்கு ஏற வேண்டும். வளைவுகளைக் கடந்து ஜமுனாமரத்தூரை அடைந்தால் அங்கிருந்து ஆலங்காயம் செல்லும் சாலையில் காவலூர்.

பதினைந்து இலக்கத்தால் என்ன பயன் என்ற கேள்விக்கு 2010-ல் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்திலிருந்து எதிர்பாராத பதில் வந்தது. ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்கள் புரோட்டானின் ஆரத்தையும் சிறிதளவு சார்ந்தவை. ராண்டால்ஃப் போல் தலைமையிலான குழு எலக்ட்ரானுக்குப் பதிலாக மியுவானைப் புரோட்டானோடு சேர்த்தது. மியுவான் எலக்ட்ரானைவிட 207 மடங்கு கனமானது. அதன் சுற்றுப்பாதை 186 மடங்கு சிறியது. புரோட்டானின் பருமன் ஆற்றல் மட்டத்தில் ஏற்படுத்தும் விளைவு அதனால் ஏறக்குறைய 64 லட்சம் மடங்கு பெருகும். மியுவானின் ஆயுளோ நொடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். அதற்குள் லேசரைப் பாய்ச்சி அளந்ததில் புரோட்டானின் ஆரம் 0.8418 ஃபெம்டோமீட்டர் என்று வந்தது. அதுவரை ஏற்கப்பட்ட மதிப்பு 0.8768. நான்கு விழுக்காடு வித்தியாசம், இரு அளவீடுகளும் சொல்லிக்கொண்ட பிழைக்கு வெகு மேலே இருந்தது.

புரோட்டான் ஆரப் புதிர் என்று பெயர்பெற்ற இந்தச் சிக்கலைத் தீர்க்கச் சாதாரண ஹைட்ரஜனையே பலர் மறுபடி அளந்தார்கள். 2017-ல் கார்ஹிங்கிலும் 2019-ல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்திலும் சிறிய மதிப்பு கிடைத்தது. 2018-ல் பாரிஸில் பழைய பெரிய மதிப்பே திரும்ப வந்தது. 2020-ல் கார்ஹிங்கின் வேறோர் ஏற்றம் 0.848 என்றது. உலகளாவிய மாறிலிகளின் பட்டியல் இப்போது சிறிய மதிப்பை ஏற்றுக்கொண்டுவிட்டது. ரிட்பெர்க் மாறிலியும் அதோடு சேர்ந்து திருத்தப்பட்டு, மீட்டருக்கு 10,973,731.56816 என்ற அளவில் நிற்கிறது. ஆனாலும் எல்லா அளவீடுகளும் ஒரே எண்ணில் வந்து சேரவில்லை.

இதே வரி இன்னொரு சோதனைக்கும் உரைகல்லாயிற்று. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் ஆல்ஃபா குழு எதிர்ஹைட்ரஜனைக் காந்தப்பொறியில் பிடித்து, 2018-ல் அதன் இரு ஒளியன் ஏற்றத்தைப் பன்னிரண்டு இலக்கம் வரை அளந்தது. பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் அந்த எல்லைவரை வேறுபாடு தெரியவில்லை.

காவலூர்

கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே இருக்கிறது வைணு பாப்பு வான்நோக்ககம். கொடைக்கானலில் இரவு வானத்தைப் பார்க்க மேகம் இடைஞ்சலாக இருந்ததால் வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டிலிருந்து பன்னிரண்டரைப் பாகை வடக்கே இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கி, 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986-ல் இந்தியாவிலேயே உருவாக்கிய 234 சென்டிமீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. அதைத் திட்டமிட்ட பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். 1988-ல் இங்கே ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

பெரிய தொலைநோக்கி திரட்டும் ஒளியை ஓர் ஒளியிழை, கீழே அசையாமல் நிற்கும் எஷல் நிறமாலைமானிக்குக் கொண்டுசெல்கிறது. அதன் பிரிதிறன் சுமார் 60,000. அதாவது ஹைட்ரஜனின் சிவப்பு வரியில் நானோமீட்டரின் நூற்றில் ஒரு பங்கைப் பிரித்துக் காட்டும். கல்லூரி நிறமாலைமானியைவிட நாற்பது மடங்கு நுட்பம். இன்னும் நுட்பமான கருவியை வைத்தாலும் இந்த வரியில் ஆதாயம் குறைவு. பத்தாயிரம் பாகை வெப்பமுள்ள நட்சத்திரத்தில் அணுக்களின் ஓட்டமே வரியை அதைப்போல் நான்கு மடங்கு அகலமாக்கிவிடுகிறது. அடர்த்தியான வாயுவில் அண்டை அயனிகளின் மின்புலமும் சேர்ந்தால் வரியின் இறக்கைகள் பல நானோமீட்டர் வரை விரியும்.

வானியலாளர் படிக்க விரும்புவதும் அந்த அகலத்தைத்தான். இறக்கையின் விரிவு, நட்சத்திரப் பரப்பின் அழுத்தத்தைச் சொல்கிறது. வரியின் ஆழம் வெப்பநிலையைச் சொல்கிறது; பால்மர் வரிகள் மிக ஆழமாக இருப்பது பத்தாயிரம் பாகையை ஒட்டியே என்பதை மேகநாத் சாகாவின் 1920-ஆம் ஆண்டுச் சமன்பாடு விளக்கியது. நகர்வு, நட்சத்திரம் நெருங்குவதையோ விலகுவதையோ சொல்கிறது. வேகமாகச் சுழலும் சில நட்சத்திரங்களில் சிவப்பு வரி கறுப்பாக இல்லாமல் பிரகாசமாகவே தெரியும். அவற்றைச் சுற்றி வாயுத் தட்டு இருப்பதற்கு அது அடையாளம்.

ஆய்வகம் வேண்டாமென்று நீக்கும் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் வான்நோக்ககம் தன் தரவாக எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் இரண்டுக்கும் அடிப்படை எண் ஒன்றுதான். ஓடாத, யாரும் நெருக்காத ஹைட்ரஜனின் வரி எங்கே இருக்கும் என்று முதலில் தெரிந்தால்தான், நட்சத்திரத்தில் அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று சொல்ல முடியும். காவலூரின் தேவைக்கு எட்டு இலக்கம் தாராளம். மீதி ஏழு இலக்கமும் புரோட்டானின் ஆரத்துக்கும் வெற்றிடத்தின் இயல்புக்கும் எதிர்ப்பொருளின் சமச்சீருக்கும் செலவாகின்றன.

காவலூர், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பணியிடம். பார்வையாளர்களுக்கு எல்லா நாளும் அனுமதி இல்லை. நாளையும் நேரத்தையும் நிறுவனத்திடம் கேட்டறிந்து புறப்பட வேண்டும். மழை மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. இருட்டிய பிறகு வளாகத்தில் வண்டி விளக்கும் கைப்பேசி விளக்கும் போடக்கூடாது. தொலைநோக்கிக்குள் நுழையும் சிறு ஒளியும் அன்றைய பதிவைக் கெடுத்துவிடும்.